சட்டியை மூடும் கை

உட்காருவதற்கு முன்பு கிருஷ்ணம்மாள் தன் மணைப்பலகையைத் தூக்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். தேள் கீள் இருக்கும் என்பாள். வழவழவென்று சிமெண்டு போட்ட தரை. சுற்றிலும் முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை. அந்தப் புகையில் மனுஷர் இருப்பதே பெரும்பாடு, தேள் எதற்கு வந்து சாகப்போகிறது? கேட்டால், "வரமாட்டேன்னு அது ஒங்கிட்ட எழுதிக் குடுத்துச்சா?" என்று திருப்பிக் கேட்பாள். இந்தக் கொட்டகையில் அவள் உட்காரத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. இதுவரை ஒரு தேளும் வந்ததில்லை. அவள் தட்டுவதை விட்டதுமில்லை.

அடுத்தது சட்டை. புடவைக்கு மேலே புருஷனின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொள்வாள். புருஷன் பிச்சைமுத்து அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறான். அவனுக்கு நைந்துபோன சட்டை எல்லாம் இவளுக்குச் சீருடை. கொட்டகையில் மற்றப் பெண்களும் சட்டை போடுகிறவர்கள்தான், ஆனால் காக்கி இவள் ஒருத்திதான். அதனால் 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர். பெயரைக் கேட்டு அவள் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமாடி, ஒங்களையெல்லாம் புடிச்சு உள்ள போடத்தான் வந்துருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே விளக்கெண்ணெயைக் கையில் தடவி, அதன்மேல் அடுப்புச் சாம்பலைப் பூசுவாள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தில் தோலை உரித்துவிடும். சாம்பல் பூசாமல் உட்கார்ந்தால் ராத்திரி சோற்றில் கை வைக்க முடியாது.

உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் வந்தால், பாதி வழியில் சாலையோரமாகவே அந்தக் கொட்டகை தெரியும். தெரிவதற்கு முன்பே வாடை வந்துவிடும். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் கொட்டையைத் தட்டிப் பருப்பை எடுப்பார்கள். சத்தம் காதைப் பிளக்கும். கிருஷ்ணம்மாளின் கட்டை மட்டும் தனியாகக் கேட்கும். ஒரு தட்டுத்தான், ஓடு ரெண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வந்துவிடும். உடைசல் விழுந்தால் கொட்டையைத் திட்டுவாள். "ஒனக்கு என்னா அவசரம் இப்ப? யாரு வூட்டுக் கல்யாணத்துக்குப் போவுற?" நாற்பத்தைந்து வயதில் இந்த வேகம் எப்படி என்று இளம் பெண்களுக்குப் பொறாமை. அந்த வேகத்துக்கு விலையாக அவள் கொடுத்தது கைரேகையை. ரேஷன் கடை மிஷினில் கட்டைவிரலை வைத்தால் அது 'பதிவு இல்லை' என்று சொல்லும். "நாந்தாண்டா அது! நாந்தான் கிருஷ்ணம்மா! நல்லாப் பாரு!" என்று மிஷினோடு சண்டை போடுவாள். கடைக்காரர் கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்லிப் பதிந்துகொள்வார். அடுத்த மாசமும் முதலில் விரலைத்தான் வைப்பாள். கண்ணைக் காட்டுவது தோற்றுப்போவது போல அவளுக்கு.

சாயங்காலம் தராசு வரும் நேரத்தில் அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. பிடி போடுவது என்பார்கள். ஒருத்திக்குக் காய்ச்சலாக இருக்கும், ஒருத்தி மாசமாக இருப்பாள், ஒருத்திக்கு எண்ணெய் பட்டுக் கை வெந்திருக்கும். அன்றைக்கு அவளுடைய அலுமினியச் சட்டியில் பருப்பு அடியில்தான் கிடக்கும். எடைக்கு எழுந்து போகும்போது மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி அள்ளி அவள் சட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். வாங்குகிறவள் ஒன்றும் சொல்லக் கூடாது. திருப்பித் தரவும் வேண்டாம். எடை போடுகிற கலைச்செல்வன் அந்த நேரம் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பிடி போடுவதில் கிருஷ்ணம்மாளுடையதுதான் பெரிய பிடி. வாங்குவது மட்டும் கிடையாது. சிந்து வயிற்றில் இருந்தபோது ஒன்பதாம் மாசம் வரைக்கும் வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கும், கட்டை கை நழுவும். எடை நேரத்தில் யாராவது பிடியோடு பக்கத்தில் வந்தால் உள்ளங்கையை விரித்துச் சட்டியின் வாயை மூடிக்கொள்வாள். விஷக்காய்ச்சலில் கண் சிவந்து கிடந்தபோதும் அப்படித்தான். "ஒரு புடி வாங்கிட்டேன்னு வையி, முப்பது பேரும் பாவம்பாளுவ. எனக்கு என்னாடி பாவம்? கையி இல்லியா, காலு இல்லியா?" பாவம் என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்கு உடம்பு எரியும். அவளுக்குப் பிடித்த சொல் வேறு. எந்தத் தொல்லை வந்தாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அதையுந்தான் பாத்துடுவோமே" என்பாள். வீடு ஒழுகினாலும் அதுதான், டிப்பர் கவிழ்ந்து பிச்சைமுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதுதான்.

போன சித்திரையில் கூலி ஏறியது. குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி அரசாங்கம் அறிவித்திருந்தது. வெளிநாட்டுக்குப் பருப்பு வாங்குகிறவர்களும், புதுக் கூலியை பாங்கில் போட்டுச் சம்பளச் சீட்டுக் கொடுத்தால்தான் சரக்கு எடுப்போம் என்று முதலாளி அண்ணாதுரையிடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று புது ரேட்டைக் கலைச்செல்வன் படித்துக் காட்டியபோது கொட்டகையே கட்டையைக் கீழே வைத்துவிட்டது. கிருஷ்ணம்மாள் அன்றைக்கு முப்பது பேருக்கும் தன் செலவில் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாவது போண்டா கேட்டவளை மட்டும் முறைத்தாள்.

அந்தச் சந்தோஷம் ஆடி வரைக்கும் இருந்தது. மகள் சிந்து பெரம்பலூரில் தனியார் கல்லூரியில் நர்சிங் படிக்கிறாள். மூன்று வருடமும் அரசாங்க உதவித்தொகையில்தான் கட்டணம் ஓடியது. இனிக் கடைசி வருடம். அந்தப் பெண் ஒருநாள் போன் செய்தாள். "அம்மா, ஸ்காலர்ஷிப்ப தை மாசம் புதுப்பிக்கணும்மா. குடும்ப வருமானம் ரெண்டரை லட்சத்துக்கு மேல போவக் கூடாது. சம்பளச் சீட்டுலாம் கேக்குறாங்க."

முன்பெல்லாம் கூலி கையில் வரும், கையோடு போகும். யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது சீட்டு வந்துவிட்டது. பிச்சைமுத்துவுக்கும் கம்பெனிச் சீட்டு இருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். பழைய கூலி என்றால் அந்த ரெண்டரை லட்சக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றிருப்பார்கள். புதுக் கூலியில் கொஞ்சம் மேலே போகிறார்கள். மேலே போவது சில ஆயிரம். அதற்காகக் கையைவிட்டுப் போவது ஒரு வருடத்துக் கட்டணம் முழுசும். ஒரு ஆபீஸ் ஏற்றிவிடுகிறது, ஏறியதைப் பார்த்துவிட்டு இன்னொரு ஆபீஸ் 'உனக்குத்தான் வசதி வந்துவிட்டதே' என்று கையை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் நல்லது செய்யத்தான் உட்கார்ந்திருக்கின்றன. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கிருஷ்ணம்மாள் அன்றைக்கெல்லாம் கொட்டையைத் திட்டினாள்.

அவள் பயம் கொட்டகைக்கும் பரவியது. அடுத்த மணையில் உட்காருகிற பூங்குழலிக்கு மாசாமாசம் வருகிற மகளிர் தொகை நின்றுவிடுமோ என்று பயம். இன்னொருத்திக்கு ரேஷன் அரிசி. இன்னொருத்திக்குப் பையனின் உதவித்தொகை. கூலி ஏறியதற்காகப் போண்டா தின்றவர்களே, எப்படி இறங்குவது என்று குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். கிருஷ்ணம்மாள் வேகத்தைக் குறைத்து உடைத்துப் பார்த்தாள். அது அவளுக்கு வரவில்லை. மெதுவாகத் தட்டினால் பருப்பு நொறுங்கியது. வராமல் நின்றால் அன்றையக் கூலியே போய்விடும்.

அப்போதுதான் அவள் கண்ணில் வீரம்மாளின் சட்டி பட்டது.

வீரம்மாளுக்கு அறுபதை நெருங்கும் வயது. தனி ஆள். புருஷன் போய்ப் பல வருடமாகிறது, பிள்ளை குட்டி கிடையாது. கை நடுங்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தட்டினாலும் சட்டி பாதிகூட நிரம்பாது. அரசாங்கம் மாசாமாசம் கொடுக்கிற விதவைப் பணம்தான் அவளுக்குத் தூண். கை வெந்து புண்ணாகிக் கொட்டகைக்கு வர முடியாத நாட்களில் அடுப்பு எரிவது அந்தப் பணத்தில்தான். கொட்டகையில் எல்லாருக்கும் அவள் அத்தை.

"அத்த, ஒனக்குக் காலேஜு போற புள்ள இல்ல, சம்பளக்காரப் புருஷன் இல்ல" என்று கிருஷ்ணம்மாள் ஆரம்பித்தாள். "எங்க மிச்சப் பருப்ப ஒஞ்சட்டியில கொட்டுறோம். ஓம் பேருல எழுதிக்கட்டும். பாங்குல காசு விழுந்ததும் நானே வந்து எடுத்துக் குடுத்து அவங்கவங்ககிட்ட சேத்துடுறேன். என்னாங்குற?"

வீரம்மாள் பொக்கைவாயால் சிரித்தாள். "எவ்ளோ வேணா கொட்டுங்கடி. எங்கிட்ட கணக்குக் கேக்க யாரு இருக்கா?"

காலங்காலமாக இருந்த பிடி போடும் வழக்கம்தான், திசை மட்டும் மாறியது. முன்பு இல்லாதவளுக்குப் போட்டார்கள். இப்போது தங்கள் சுமையை இறக்குவதற்குப் போட்டார்கள். கலைச்செல்வன் கூரையைப் பார்ப்பது அதிகமாகிக் கழுத்து வலிக்கிறது என்று புலம்பினான். கிருஷ்ணம்மாளுக்கோ தன் மூளையை நினைத்து ஒரே பெருமை. "ஆபீஸ்ல கோடு போடுவாங்க. நாம கோட்டுக்கு இந்தாண்ட ஒரு சட்டிய வெச்சுக்குறோம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆயுத பூசை வந்தது. முதலாளி அண்ணாதுரை நல்ல மனுஷர், ஆனால் தாளில் அச்சடித்து வந்துவிட்டால் எதையும் நம்பிவிடுகிறவர். இந்த வருடம் அதிக எடை உடைத்தவருக்குப் பரிசு என்று முன்கூட்டியே சொல்லாமல் திடீரென்று அறிவித்தார். தாளை விரித்துப் படித்தார். "முதலிடம், வீரம்மாள்!"

 கட்டையைத் தூக்கினால் கை ஆடுகிற பெண்பிள்ளை கொட்டகைக்கே முதல் ஆள்! பூங்குழலி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள். கலைச்செல்வனுக்கு வியர்த்தது. வீரம்மாள் கழுத்தில் மாலை, கையில் எவர்சில்வர் குடம். முதலாளி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "வயசு ஒரு தடை இல்லை" என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டார். அந்தப் படம் சுற்று வட்டாரம் பூராவும் சுற்றியது. கிருஷ்ணம்மாள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அவளுக்கு விலா வலித்தது.

கார்த்திகையில் வீரம்மாளுக்கு விதவைப் பணம் வரவில்லை. பாங்கில் ஏதோ கோளாறு என்று இருந்தாள். மார்கழியிலும் வரவில்லை. விசாரித்தால், கிராம அலுவலர் போட்டோவைப் பார்த்திருக்கிறார், சம்பளத்தை விசாரித்திருக்கிறார், எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். அவர் வேலையை அவர் செய்தார். மாதச் சம்பளத்தில் கொட்டகைக்கே முதலிடம் வாங்கி மாலையோடு நிற்கிற பெண்பிள்ளைக்கு, ஆதரவற்ற விதவைப் பணம் எதற்கு என்று யாருக்குத்தான் தோன்றாது?

கிருஷ்ணம்மாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வீரம்மாளைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குக் காக்கிச் சட்டை இல்லை, ஆனால் நடை அதே இன்ஸ்பெக்டர் நடைதான். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டினார்.

"இவ்ளோ சம்பளம் வாங்குறாங்களேம்மா. இவங்களுக்கு எப்படிக் குடுக்குறது?"

"அது அவங்க காசு இல்லீங்க."

"அவங்க அக்கவுண்ட்லதானே விழுது? பின்ன யாரு காசு?"

கிருஷ்ணம்மாளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. பஸ் கண்டக்டரிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. அங்கே அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் வீரம்மாள் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்துக் கறுத்துக் கிடந்தன.

"என்னுதுங்க" என்றாள் கிருஷ்ணம்மாள். "எங்க எல்லாருதும். நாங்க ஒடைச்ச பருப்ப அவங்க சட்டியில கொட்டுனோம். யோசன சொன்னது நானு."

அந்த அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. "அவங்கவங்க ஒடைச்சத அவங்கவங்க பேருலயே திருத்தி முதலாளிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நான் மேல அனுப்புறேன். இதத் தவிர எனக்கு வேற வழி தெரியலைம்மா."

அப்படி எழுதி வாங்கினால் என்ன ஆகும் என்பது கிருஷ்ணம்மாளுக்குத் தெரியும். அவளுடைய கிலோ எல்லாம் அவள் பேருக்கே திரும்பி வரும். குடும்பம் கோட்டைத் தாண்டும். சிந்துவின் கடைசி வருடக் கட்டணம் போகும். தை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான்.

திரும்பும் பஸ்ஸில் வீரம்மாள்தான் பேசினாள். "வுட்டுடு ஆயி. பொண்ணு படிக்கட்டும். எனக்கு இது வந்தா என்னா, வராட்டி என்னா. ஒத்தை வயிறு. கஞ்சி குடிச்சுட்டுக் கெடந்துட்டுப் போறேன்." சொன்னவள் குரலில் குறை இல்லை, நடிப்பும் இல்லை. அதுதான் கிருஷ்ணம்மாளைக் குத்தியது. வெட்கம் என்பது அவளுக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். அன்றைக்கு அது அவளைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்ததைக்கூட அவள் கேட்கவில்லை. பழகிய கண்டக்டர், "என்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டுத் தானாகவே கொடுத்தான்.

பிச்சைமுத்து வண்டியிலிருந்து இறங்கி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்.

"எழுதிக் குடுத்தா நம்ம பொண்ணு பணம் போவும். தெரியுதுல்ல?"

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"அந்த அத்த சட்டியில கொட்டுனது யாரு? நானு. வாரிக்கிட்டு வரவேண்டியதும் நாந்தான். இதுல யோசிக்க என்னா இருக்கு?"

"பொண்ணுக்கு நீயே சொல்லு" என்று துண்டைக் கொடியில் போட்டான். அதற்குமேல் அவன் தடுக்கவில்லை.

சிந்து போனில் அழுதாள். "ஒரே ஒரு வருஷந்தானேம்மா! அதுவரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா? அவங்களுக்கு நாமளே மாசாமாசம் அந்தப் பணத்தக் குடுத்துடலாம்ல?" கெட்டிக்காரப் பெண், நியாயமாகத்தான் கேட்டாள். கிருஷ்ணம்மாளும் பஸ்ஸிலேயே அதை யோசித்துப் பார்த்தவள்தான். "நாம குடுத்தா அது பிச்சைடி. கவர்மெண்ட் குடுத்தா அது அவங்க பணம். அவங்க பணத்த நான் நிறுத்திப்புட்டு, என் காசக் குடுத்து மகராசி பேரு வாங்குறதா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "நீ படிப்பு முடிப்ப. பாதியில நிறுத்தவா இவ்ளோ தூரம் கொண்டாந்தேன்? பீசு எம் பாடு. அதையுந்தான் பாத்துடுவோமே" என்றாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

மறுநாள் அவள் பெரம்பலூருக்கே போனாள். இருப்பதில் நல்ல புடவை, தலை நிறைய எண்ணெய். கல்லூரி ஆபீசில் போய் நின்று, கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட விட வேண்டும் என்று கேட்டாள். முதலில் முடியாது என்றார்கள். "முடியாதுன்னா முடியுற ஆளு யாருன்னு சொல்லுங்க, அவங்கள பாக்குறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். சிந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள், வழி முழுக்க இரண்டடி முன்னாலேயே நடந்தாள். ஆனால் பஸ் கிளம்பும்போது ஓடிப் போய் இரண்டு வாழைப்பழமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். "கைக்கு மருந்து போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தாள்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னைக் கோமாளியாக்கிட்டீங்களேம்மா! ஊரு பூரா போட்டோ போட்டிருக்கேன்!" வீரம்மாள் கொண்டுவந்திருந்த குடத்தை மேசைமேல் வைத்தாள். அவர் அதையும் குடத்துக்குப் பின்னால் நிற்கிறவளையும் பார்த்தார். "எடுத்துட்டுப் போங்க. குடத்தத் திருப்பி வாங்கினேன்னு அதுக்கு வேற ஊரு சிரிக்கணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடிதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்காகக் கலைச்செல்வன், கிருஷ்ணம்மாள் காசு பிரித்துக் கொடுத்த கணக்கை வைத்து, ஒவ்வொருத்தியின் கிலோவையும் அவரவர் பேருக்குத் திருப்பி எழுதினான். எழுதி முடித்தபோதுதான் ஒரு கூத்து தெரிந்தது. அத்தனை பேரில் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லாரும் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாதவர்கள்தான். பூங்குழலி ஐந்து மாசமாகப் பிடி பிடியாகப் பருப்பைக் கொட்டியிருக்கிறாள், கொட்டியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. "அப்ப நான் எதுக்குடி கொட்டுனேன்?" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள். பயந்துதான் கொட்டியிருந்தார்கள், கூட்டிப் பார்த்து இல்லை. உண்மையிலேயே கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு குடும்பம்தான். டிப்பர்காரன் சம்பளமும் கொட்டகையிலேயே வேகமான கையும் சேர்ந்த குடும்பம்.

அது தெரிந்ததும் கொட்டகையில் கட்டைகள் கீழே இறங்கின. எல்லாரும் கிருஷ்ணம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். "என்னா, எல்லாரும் எழவு வூட்டுக்கு வந்த மாரி உக்காந்துருக்கீங்க? இன்னையிலேருந்து அவளவ சட்டி அவளவளுக்கு. எவளாவது கோட்டுக்குக் கீழ இருக்கணும்னா கைய நிறுத்திட்டு வூட்டுக்குப் போங்க. இன்னொருத்தி சட்டியில கொட்டுற வேல இனிமே கெடையாது." சொல்லிவிட்டு மணையைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டி உட்கார்ந்தாள்.

இப்போது அவள் மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பருப்பின் தோல் உரிக்கிற வேலைக்கும் பேர் கொடுத்திருக்கிறாள். முதல் தவணைக்கு நாள் நெருங்குகிறது. கட்டை விழுகிற சத்தம் முன்னைவிட வேகமாகக் கேட்கிறது. சாம்பலை இரண்டு தடவை பூசினாலும் தாங்காமல் வலது கைப் பெருவிரலில் தோல் வெந்து சிவந்திருக்கிறது. வீரம்மாளின் கடிதம் மேலே போயிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை, வரும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் தராசு வந்தது. வரிசையில் எல்லாரும் சட்டியோடு எழுந்தார்கள். கிருஷ்ணம்மாளின் சட்டி கோபுரமாக நிறைந்திருந்தது, முழுக்க அவள் கையால் உடைத்தது, அவள் பேருக்கே போகப்போவது. அவள் பழக்கப்படி உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் பக்கத்தில் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவளை அவர்களுக்குத் தெரியும்.

வீரம்மாள் மட்டும் தன் மணையிலிருந்து மெல்ல எழுந்து வந்தாள். அவள் சட்டியில் இருந்ததே கொஞ்சம். அதிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்திருந்தாள். கை நடுங்கியதில் விரலிடுக்கிலிருந்து ஒரு பருப்பு சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

"கைய எடு ஆயி."

"வேணாம் அத்த."

வீரம்மாள் நகரவில்லை. மூடிய பிடியைச் சட்டிக்கு மேலே நீட்டியபடியே நின்றாள். பின்னால் இருபத்தெட்டுப் பெண்களும் நின்றார்கள். கலைச்செல்வன் கூரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

கிருஷ்ணம்மாள் சட்டியின் மேலிருந்த கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.